எண்ணெயைத் தூக்கிவரும் குமிழ்கள்

தரம் 9 வகுப்பில் அடர்த்தி படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கேட்டார்: "எண்ணெய் தானாகவே மிதக்குமே சேர், பிறகேன் சுன்னாகத்துக் கிணறுகளில் அதை அள்ளி எடுக்க முடியாமல் போனது?"

நல்ல கேள்வி. பதிலுக்குள் ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

ஆணத்தில் எண்ணெய் மிதப்பது உண்மைதான். ஆனால் பம்பிகளிலும் குழாய்களிலும் அடிபட்ட எண்ணெய் மிகச் சிறிய துளிகளாக உடைந்துவிடும். ஸ்டோக்ஸின் விதிப்படி, துளியின் விட்டம் பத்தில் ஒன்றானால் அது மேலெழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். சாதாரண பிரிப்புத் தொட்டியில் 150 மைக்ரோனுக்குக் குறைந்த துளிகளில் பெரும்பகுதி தப்பி, நீரோடு போய்விடும்.

இவற்றைப் பிடிக்கும் வழி பிறந்தது எண்ணெய்த் தொழிலில் அல்ல, சுரங்கத் தொழிலில். 1877இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெசல் சகோதரர்கள், காரீயத் தாதுத் தூளை எண்ணெயும் நீரும் சேர்த்துக் கொதிக்கவைத்து, காரீயத்தைக் குமிழ்களோடு மேலே கொண்டுவரும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். நம் நாட்டில் போகலையில் வெட்டுகிறார்களே, அதே காரீயம்தான். 1900களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில், கழிவென்று குவித்து வைத்திருந்த மண்ணிலிருந்து நாகத் தாதுவைக் குமிழ்களால் மீட்டார்கள். 1920களில் ஸ்கண்டிநேவியக் கடதாசித் தொழிலில், நீரோடு வீணாகப்போன நார்களை மீட்கக் குமிழ்கள் உதவின. பின்னர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இதை எடுத்துக்கொண்டன. தாதுவைத் தூக்கக் குமிழுக்கு எண்ணெய் உதவிய காலம் போய், குமிழ் எண்ணெயையே தூக்கும் காலம் வந்தது.

வேலை நடப்பது சோடாப் போத்தலைப் போலத்தான். அழுத்தம் கொடுத்து நீரில் காற்றைக் கரைப்பார்கள். தொட்டிக்குள் வந்ததும் அழுத்தம் குறையும், நுண்குமிழ்கள் பொங்கும். அவை எண்ணெய்த் துளிகளில் ஒட்டி அவற்றை மேலே கொண்டுவரும். நுரையை வழித்தெடுப்பார்கள். எண்ணெய் வயல்களில் காற்றுக்குப் பதிலாக இயற்கை வாயுவோ நைதரசனோ பயன்படும். ஒட்சிசன் குழாய்களை அரிக்கும். எரிவாயுவோடு சேர்ந்தால் வெடிக்கவும் கூடும்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இதெல்லாம் தொட்டிக்குள் நடக்கிற வேலை. சுன்னாகத்திலோ எண்ணெய் நிலத்துக்குள் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதற்குள் போய்விட்ட எண்ணெயை எந்தத் தொட்டியில் பிடிப்பது? 2019இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின் நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. பணம் கிணற்றைப் பழையபடி ஆக்காது.

ஊரில் கராஜும் வாகனம் கழுவும் இடமும் நடத்தும் சகோதரர்களே, உங்கள் கழிவு நீர் கானுக்குப் போக முன் எண்ணெய் பிரிக்கும் குழி ஒன்று இருக்கிறதா? இன்றைக்கே ஒருதரம் பாருங்கள். அந்தக் கானுக்குப் பக்கத்தில்தான் நம் கிணறுகளும் இருக்கின்றன.