வங்காள உயிரியற் கல்வியில் 'கோஷ்' என்னும் கலைச்சொல்

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட வெற்றறைகளைச் 'செல்' என்றார். அச்சொல் அமைப்பை மட்டுமே சுட்டியது. கொல்கத்தாவில் 1890கள் முதல் வங்கீய சாகித்திய பரிஷத்தும், 1930களில் பல்கலைக்கழகமும் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டன. வங்காளப் பாடநூல்களில் நிலைபெற்ற 'கோஷ்', உறை, கருவூலம் என்னும் பொருள்களையுடைய வடமொழிச் சொல்லாகும். ஆதலின் உள்ளடக்கத்தையும் உணர்த்துகிறது. செல் சுவர் 'கோஷ்பிராச்சீர்', செல் பிரிதல் 'கோஷ்பிபாஜன்' என, அமைப்பும் வளர்ச்சியும் ஒரே அடிச்சொல்லினின்று கிளைக்கின்றன.

தமிழில் 'கண்ணறை' ஹூக்கின் அறையைப் பேணுகிறது. 'உயிரணு' உயிர்ப்பைச் சுட்டினும் அணுவோடு மயங்க இடந்தருகிறது. தமிழகப் பாடநூல்கள் 'செல்' என வழங்க, இலங்கைப் பாடநூல்கள் ஆளும் 'கலம்', கொள்கலப் பொருளால் கோஷை நெருங்குகிறது. மாணவர் நுண்ணோக்கியைத் தொடுமுன்னரே சொல் ஓர் உருவத்தைத் தந்துவிடுகிறது. அவ்வுருவம் வெற்றறையாயின், செயலையும் வளர்ச்சியையும் விளக்கும் முன் ஆசிரியர் அதனைத் திருத்த வேண்டியிருக்கும்.