மில்லில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி? பித்தளை டோக்கன் முதல் மொய் நோட்டு வரை

“எங்க தாத்தாவோட அப்பா மில்லுல இருந்தார்.” செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களிலும், பெரம்பூரிலும், விக்கிரமசிங்கபுரத்திலும், மதுரை ஹார்விபட்டியிலும் இந்த வரியைக் கேட்கலாம். அடுத்து ஒன்று கேட்டுப் பாருங்கள். எந்த மில்? எந்த வருஷம்? அவர் பேர் என்ன? மூன்றாவது கேள்வியில் பேச்சு நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்கள் 1,52,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதிவைத்தார்கள். டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரன் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலோ வேலூரிலோ வந்து இறங்கிவிடுகிறார். அதே ஊரிலிருந்து நடந்தே போய் பெரம்பூர் மில்லில் சேர்ந்த அவருடைய தம்பிக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. கடல் தாண்டுகிறவரைத்தான் அரசு கணக்கெடுத்தது. மில் வாசலுக்குப் போனவரைச் சேர்த்தது மேஸ்திரி, அவருக்குத் தெரிந்தது முகம்தான்.

எந்தக் காலத்தைத் தேடுகிறோம்?

முதலில் மில்லின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள், தேடல் பாதி சுருங்கிவிடும். சென்னையில் பக்கிங்ஹாம் மில் 1876-ல் வந்தது, கர்னாடிக் மில் 1881-ல். பின்னி நிர்வாகத்தில் இருந்த இரண்டும் 1920-ல் ஒன்றாகி ‘பி அண்ட் சி’ ஆயின, 1996-ல் மூடப்பட்டன. ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசம் அருவிப் பக்கம் விக்கிரமசிங்கபுரத்திலும், 1888-ல் தூத்துக்குடியிலும், 1892-ல் மதுரையிலும் மில் தொடங்கினார்கள். கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888. நான் இதை எழுதும் ஹைதராபாத்தில் முதல் நூற்பு, நெசவு மில் 1877. டேங்க் பண்டுக்குக் கீழே பலர் நினைவில் வைத்திருக்கும் டி.பி.ஆர். மில் 1920-ல்தான் வந்தது. “தாத்தாவோட தாத்தா டி.பி.ஆர். மில்லுல இருந்தார்” என்று யாராவது சொன்னால், ஒரு தலைமுறை எங்கோ கலந்துபோயிருக்கலாம், வருஷங்களைச் சரிபாருங்கள்.

செகந்திராபாத் தமிழர்களில் பலருக்கு இன்னொரு படி இருக்கிறது. 1798-ல் நிஜாம் ஆங்கிலேயரோடு துணைப்படை ஒப்பந்தம் செய்த பிறகு மதராஸ் ராணுவத்தோடு வந்து, 1806-ல் பெயர் பெற்ற இந்தக் கன்டோன்மென்ட்டில் தங்கியவர்கள் உண்டு. குடும்பத்தில் மில்லுக்குப் போனது அதற்குப் பிறகு வந்த தலைமுறையாக இருக்கலாம். ஆகவே ‘மில்லுக்கு வந்தோம்’ என்பதையும் ‘ஊருக்கு வந்தோம்’ என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இதெல்லாம் எதுக்கு?

ஆர்வத்துக்கு என்றால் ஆற அமரத் தேடலாம். பலருக்கு அப்படி இல்லை. மும்பையில் மூடிய மில்களின் நிலத்தில் கட்டிய வீடுகளுக்குத் தொழிலாளரும் வாரிசுகளும் விண்ணப்பிக்க, 1982 ஜனவரி 1 அன்று வேலைப் பட்டியலில் பெயர் இருந்ததைக் காட்ட வேண்டும். டிக்கெட் எண், பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, லீவு அட்டை என ஏதாவது ஒன்று. தெலங்கானாவிலிருந்து அந்த மில்களுக்குப் போன குடும்பங்களும் இதில் உண்டு. அப்பாவின் தகரப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டவர்கள் இன்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வந்தது. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்தது என்பது முக்கியம். பிறகு வேறு மாநிலம் போனவருக்கு, போன இடத்தில் அந்த உரிமை கூடவே வராது என்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. தாத்தா 1948-ல் மில்லில் இருந்தாரா, 1952-ல் வந்தாரா என்பது பேரன் படிப்பைத் தீர்மானிக்கலாம்.

எங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எல்லோரும் முதலில் இங்கேதான் போவார்கள். பிரிட்டன், அமெரிக்காவில் பழைய கணக்கெடுப்புத் தாள்களை வீடு வீடாகப் பெயரோடு பார்க்கலாம். இங்கே 1881-லும் 1891-லும் கணக்கெடுத்த தாள்களைக் கூட்டிக் கழித்த பிறகு வைத்திருக்கவில்லை, அட்டவணைகள் மட்டும் அச்சாயின. எத்தனை நெசவாளர் என்று தெரியும், யார் என்று தெரியாது.

பிறப்புப் பதிவும் அதிகம் கைகொடுக்காது. மதராஸ் மாகாணத்துக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல்தான் வந்தது. பழைய பதிவுகள் பலவற்றில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பெயர் வைக்கும் முன்பே எழுதியது. தகப்பன் பெயரும் தெருவும் தெரிந்தால்தான் அது உங்கள் தாத்தா என்று சொல்ல முடியும். பட்டா, சிட்டா பக்கம் நிலம் இல்லாதவர் பெயர் வராது. மில்லுக்கு வந்தவர்களில் பலர் வந்த காரணமே அதுதான்.

1881-ன் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, 12 வரை தினம் 9 மணி நேரம்தான் என்றது. 1891-ல் அந்த 7 என்பது 9 ஆனது. வயதுச் சந்தேகம் வந்தால் டாக்டர் சான்று தேவை. அதாவது எட்டு வயதில் மில்லுக்குப் போன ஒரு பையனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் காகிதம், ‘இவன் வேலை செய்யலாம்’ என்ற சீட்டாக இருந்திருக்கலாம். அந்தச் சட்டம் நிஜாம் ஆட்சிப் பகுதிக்குப் பொருந்தாது, எனவே ஹைதராபாத் மில் குடும்பங்கள் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கடைசிக் காகிதத்திலிருந்து பின்னோக்கி. மில் வேலை பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனது. 1952-ல் பி.எஃப். சட்டம் வந்த பிறகு மில் தொழிலாளி நாமினேஷன் படிவம் எழுதினார். அதில் மனைவி, பிள்ளைகள், வயது, முகவரி, சில சமயம் சொந்த ஊர். அந்தப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர் 1910-ல் பிறந்திருந்தால், அவருடைய அப்பா 1880-களில் பிறந்தவர். இரண்டே படியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் வந்துவிட்டீர்கள். பாட்டியின் பெயர் தமிழில் ஒரே ஒரு அரசுக் காகிதத்தில் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது இந்த நாமினி வரியாகத்தான் இருக்கும்.

பித்தளை டோக்கன் கிடைத்தால் எண்ணைத் தெளிவாகப் படமெடுங்கள், எந்த டிபார்ட்மென்ட் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். மில் தொழிலாளியைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் அறிந்திருந்தது. எண் இல்லாமல் பெயரை மட்டும் கொண்டுபோனால் நூறு முனுசாமிகளில் உங்கள் முனுசாமி யார் என்று தெரியாது.

வீட்டுப் பத்திரம் இருந்தால் அதன் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். பழைய தமிழ்ப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார், இந்த ஊர், ஜீவனம் மில் வேலை’ என்று ஒரே வரியில் மூன்று சேதி இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமானால் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. பின்னி மில் நடத்தியது போன்ற மில் பள்ளிகளில் படித்தவர் என்றால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தகப்பன் பெயரோடு.

என் கணக்கில் இவற்றையெல்லாம் விட மேலானது மொய் நோட்டு. கல்யாணத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார் என்று பேனாவால் எழுதிய நோட்டு. 1950-களின் நோட்டு ஒன்று கிடைத்தால் ஊர்ப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஊர் ஏழெட்டுத் தடவை வந்தால் பூர்வீகம் அங்கேயோ பக்கத்திலோதான். அடுத்து குலதெய்வம். ஊரை மறந்த குடும்பம்கூட சாமி பேரை மறப்பதில்லை. மாசி சிவராத்திரிக்கு அந்தக் கோயிலுக்குப் போய், தலைக்கட்டு வரி எழுதும் பங்காளியிடம் கேளுங்கள். “மெட்ராஸுக்கு மில் வேலைக்குப் போன வகையறா” என்று அவர்கள் சொல்லும் கிளை உங்களுடையதாக இருக்கலாம். இது வாய்ச்சொல்தான், சான்றிதழுக்குச் செல்லாது. ஆனால் எந்தத் தாலுகா அலுவலகத்தில் தேடுவது என்று இதுதான் காட்டும்.

பெயரில் இருக்கும் பொறி

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒரு விதத்தில் அது லாபம், ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறையைத் தூக்கிவருகிறது. ஆனால் பேரனுக்குத் தாத்தா பேரை வைப்போம். அப்போது கா. முனியாண்டி, மு. காளிமுத்து, மறுபடி கா. முனியாண்டி. 1890-ன் முனியாண்டியும் 1945-ன் முனியாண்டியும் ஒருவர் என்று நினைத்துக் குடும்ப மரம் வரைந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வருஷத்தை எழுதுங்கள், தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலக் குமாஸ்தா முனுசாமியை மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

ஆவணக் காப்பகத்தில் என்ன கிடைக்கும்?

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மில்லில் ஒழுங்காக வேலை பார்த்தவரை அங்கே தேடினால் சிரமம். வேலைநிறுத்தம் செய்தவரைத் தேடினால் வாய்ப்பு அதிகம். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, 1921-ல் பி அண்ட் சி மில்லில் மாதக்கணக்கில் போராட்டம், புளியந்தோப்பில் கலவரம். இந்த ஆண்டுகளில்தான் தொழிலாளி போலீஸ் அறிக்கைக்குள்ளும் அரசாணைக்குள்ளும் வருகிறார். தாத்தா வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று வீட்டில் கதை இருந்தால் அந்த வருஷத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத் குடும்பங்களுக்கு தார்நாகாவில் இருக்கும் தெலங்கானா மாநில ஆவணக் காப்பகம். இங்கே சிக்கல் மொழி. நிஜாம் அரசு 1880-களில் பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு மாறியது. உருதுவில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை, ழ, ள, ல எல்லாம் ஒரே எழுத்து. நம் பெயர் அங்கே என்ன உருவத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! உருது கையெழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவரிடம் பெயரை வாயால் சொல்லி, எத்தனை விதமாக எழுதலாம் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி பசலியில் இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890-91. மதராஸ் பக்கம் பசலி ஜூலையில் தொடங்கும், ஹைதராபாத்தில் அக்டோபரில். ஒரே பசலி எண் இருந்தாலும் இரண்டு ஊர்க் காகிதத்துக்கும் நடுவே மூன்று மாதம் தள்ளும், வயதைக் கணக்குப் போடும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.