ஆர்க்கிடெக்டின் கம்ப்யூட்டர்: பணம் போன இடமும் வேலை நின்ற இடமும்

ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். "இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கிவிடலாம்" என்பார் ஒருவர். "கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி?" என்பார் இன்னொருவர். பணம் கட்டியாகிவிடும், பெட்டியும் வந்து இறங்கிவிடும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பழைய கம்ப்யூட்டரில் மெதுவாக நடந்த அதே வேலை புதியதிலும் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருக்கும்!

இது வாங்கியவரின் முட்டாள்தனம் அல்ல. கட்டிட வரைபட மென்பொருள்கள் வந்த நாளிலிருந்தே இந்தக் குழப்பம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்காமல் குழாய் முழுவதையும் மாற்றுவது போன்ற விஷயம் இது. அடைப்பு இருந்த இடம் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

கம்ப்யூட்டரில் படம் வரையலாம் என்று முதலில் காட்டியவர் ஐவன் சதர்லேண்ட். 1963ல் எம்.ஐ.டி.யில் அவர் எழுதிய ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமில் ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போட முடிந்தது. அது ஓடிய டிஎக்ஸ்-2 என்ற இயந்திரம் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. எந்த ஆர்க்கிடெக்டும் அதை வாங்கும் நிலையில் இல்லை, அதனால் "எதை வாங்குவது" என்ற கேள்வியே அப்போது எழவில்லை.

கட்டிடத்தைக் கட்டுவதற்கு முன்பே படமாகப் பார்க்கும் ஆசையும் அதே காலத்தில் பிறந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீன்பெர்க், 1970களின் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தைக் கம்ப்யூட்டர் படமாக எடுத்தார். அதற்குத் தேவையான இயந்திரம் கார்னெலில் இல்லை. சிராக்யூஸ் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் இருந்தது. அங்கே அலுவலக வேலை முடிந்த பிறகு, இரவு நேரங்களில் அவரும் மாணவர்களும் போய் அதைப் பயன்படுத்தினார்கள். இரவில் ரெண்டரிங் ஓடவிடும் பழக்கம் அவ்வளவு பழையது!

1980ல் டர்னர் விட்டட் என்ற ஆராய்ச்சியாளர், ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிட்டுப் படம் உருவாக்கும் முறையை வெளியிட்டார். சதுரக் கட்டம் போட்ட தரைக்கு மேலே இரண்டு பந்துகள் மிதக்கும் படம். வாக்ஸ் 11/780 என்ற இயந்திரத்தில் அந்த ஒரே படத்துக்கு 74 நிமிடம் ஆனது. இன்றைய கட்டிட ரெண்டரிங் மென்பொருள்களின் அடிப்படை இந்தக் கதிர்க் கணக்குதான். மற்ற வேலைகளிலிருந்து இதைப் பிரிக்கும் ஒரு குணமும் இதற்கு உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கிடலாம், ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்னால் பெரிய பண வித்தியாசத்தை உண்டாக்கப்போகும் குணம் இது.

காலியாக இருந்த ஒரு குழி

1982க்கு முன்பு கம்ப்யூட்டர் வரைபடம் என்பது பெரிய கம்பெனிகளின் விவகாரம். மென்பொருள், திரை, இயந்திரம் எல்லாம் சேர்த்து ஒரே கட்டாக விற்பார்கள். ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யவே பல்லாயிரம் டாலர் வேண்டும். அந்த வருட நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் ஆட்டோடெஸ்க் என்ற புதிய கம்பெனி ஆட்டோகேட் மென்பொருளைக் காட்டியது. விலை சுமார் 1000 டாலர். சாதாரண மேசைக் கம்ப்யூட்டரில் ஓடும். மென்பொருளும் இயந்திரமும் தனித்தனியானது அப்போதுதான். எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற தலைவலி ஆர்க்கிடெக்டின் தலைக்கு வந்ததும் அப்போதுதான்.

ஐபிஎம் பிசியின் மதர்போர்டில் ஒரு குழி காலியாக இருக்கும். இன்டெலின் 8087 என்ற கணக்குச் சிப்பைச் செருகுவதற்கான இடம் அது. கடிதம் அடிப்பவருக்கும் சம்பளப் பட்டியல் போடுபவருக்கும் அது தேவையில்லை. ஆட்டோகேட் விஷயம் வேறு. அதில் ஒவ்வொரு கோட்டின் முனையும் நீண்ட தசம எண்ணாகச் சேமிக்கப்படும். படத்தைப் பெரிதாக்கினால் அத்தனை எண்களையும் மறுபடி கணக்கிட வேண்டும். சாதாரண சிப் அதைச் சுற்றி வளைத்துச் செய்யும், 8087 நேரடியாகச் செய்துவிடும். 1987ல் வந்த ரிலீஸ் 9 முதல் இந்தக் கணக்குச் சிப் இல்லாமல் ஆட்டோகேட் ஓடாது என்றே ஆகிவிட்டது. அன்றைய ஆர்க்கிடெக்டுக்கு வேலை நின்ற இடம் இந்தக் குழிதான்.

இதை வைத்து நடந்த வியாபாரத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. 1991ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற மலிவு சிப்பை விற்றது. 486 தானே என்று வாங்கினால், அதில் கணக்குப் பகுதி வேலை செய்யாது. பிறகு தேவைப்பட்டால் 487எஸ்எக்ஸ் என்ற "கூடுதல்" சிப் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். உண்மையில் அந்தக் கூடுதல் சிப், கணக்குப் பகுதியுடன் கூடிய ஒரு முழு 486! அதைச் செருகியதும் பழைய சிப் தூங்கப் போய்விடும். மலிவாக வாங்கியவர் கடைசியில் இரண்டு பிராசசருக்குப் பணம் கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினார். மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்தைக் கவனிக்காததற்கு ஆன செலவு அது.

கணக்குப் பகுதி எவ்வளவு முக்கியம் என்று 1994ல் உலகத்துக்கே தெரிந்தது. பென்டியம் சிப்பின் வகுத்தல் கணக்கில் ஒரு பிழை இருப்பதை ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். முதலில் சாதாரணமாக எடுத்துக்கொண்ட இன்டெல், எதிர்ப்பு பெருகிய பிறகு எல்லாச் சிப்புகளையும் மாற்றித்தர ஒப்புக்கொண்டது. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

ஒரே சிப், இரண்டு விலை

1990களில் அடைப்பு திரைப் பக்கம் நகர்ந்தது. தட்டையான வரைபடம் போய் முப்பரிமாண மாடல் வந்தது. அதைத் திரையில் சுழற்றிப் பார்க்க சிலிக்கான் கிராபிக்ஸ் போன்ற கம்பெனிகளின் விலை உயர்ந்த வொர்க்ஸ்டேஷன்கள் தேவைப்பட்டன. வசதி உள்ளவர்கள் வாங்கினார்கள். பிராங்க் கெரி, 1997ல் திறக்கப்பட்ட பில்பாவோ அருங்காட்சியகத்தின் வளைவுகளுக்கு, விமானம் வடிவமைக்கும் காட்டியா மென்பொருளையே பயன்படுத்தினார். சின்ன அலுவலகங்கள் 1990ல் வந்த 3டி ஸ்டூடியோவை டாஸ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தன.

1996ல் 3டி ஸ்டூடியோ மேக்ஸ் விண்டோஸ் என்டிக்கு வந்தது. அதே காலத்தில் வீடியோ கேம் விளையாடுபவர்களுக்காக மலிவான முப்பரிமாணக் கார்டுகள் சந்தையில் குவிந்தன. கேம் பிரியர்கள் லட்சக்கணக்கில் வாங்கியதால் விலை சரிந்தது, வேகம் கூடியது. வொர்க்ஸ்டேஷன் கம்பெனிகளால் இந்தக் கணக்கோடு போட்டி போட முடியவில்லை. சிலிக்கான் கிராபிக்ஸ் 2006ல் திவால் மனு கொடுத்தது, 2009ல் மறுபடி கொடுத்து விற்கப்பட்டது. கட்டிடக்கலை அலுவலகங்களின் கம்ப்யூட்டர் செலவைக் குறைத்ததில் பெரிய பங்கு கேம் விளையாடிய பையன்களுடையது என்றால் மிகையில்லை.

என்விடியா 1999ல் ஜிஃபோர்ஸ் 256 கார்டைக் கொண்டுவந்தது. கூடவே அதே சிப் குடும்பத்தில் குவாட்ரோ என்ற பெயரில் தொழில்முறைக் கார்டும் வந்தது, விலை பல மடங்கு. வித்தியாசம் பெரும்பாலும் டிரைவரில்தான் இருந்தது. கோட்டு வரைபடங்களைத் திரையில் காட்டும் சில வசதிகள் குவாட்ரோவில் மட்டும் திறக்கப்பட்டிருந்தன. சிலர் ரிவாட்யூனர் என்ற சின்ன புரோகிராமை வைத்து ஜிஃபோர்ஸை குவாட்ரோவாக மாற்றிக் காட்டினார்கள். ஒரே பொருளை இரண்டு வாடிக்கையாளருக்கு இரண்டு விலையில் விற்பதைப் பொருளாதாரத்தில் விலைப் பாகுபாடு என்பார்கள். பாடப் புத்தகத்தில் ரயில் டிக்கெட்டை உதாரணம் காட்டுவார்கள். இதைக் காட்டலாம், இன்னும் நன்றாகப் புரியும்.

நியாயமாகச் சொன்னால் குவாட்ரோவுக்குக் கொடுத்த காசு எல்லாமே வீண் அல்ல. மென்பொருள் கம்பெனியின் சான்றிதழ் அதற்கு இருந்தது. படம் உடைந்தால் யாரைக் கேட்பது என்ற உறுதி இருந்தது. ஆனால் பின்னாளில் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் போன்றவை கேம்கள் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் பக்கம் சாய்ந்தபோது, அந்தக் கூடுதல் விலைக்கான காரணங்களில் முக்கியமான ஒன்று போய்விட்டது. பழக்கத்தால் பல அலுவலகங்கள் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தன.

இரண்டு வேலை, ஒரு பெட்டி

2004 வரை ஒரு சௌகரியம் இருந்தது. காத்திருந்தால் போதும், அடுத்த வருட பிராசசர் எல்லா மென்பொருளையும் வேகமாக்கிவிடும். 2000ல் 1.5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கிய பென்டியம் 4, நான்கே வருடத்தில் 3.8ஐத் தொட்டது. அங்கே சூடு தாங்க முடியாமல் ஓட்டம் நின்றது. 2004ல் இன்டெல் அடுத்த சிப் திட்டத்தையே கைவிட்டது. 2005ல் இன்டெலும் ஏஎம்டியும் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்து விற்க ஆரம்பித்தன. அதாவது, வேகமான ஒரு வேலைக்காரருக்குப் பதில் இரண்டு வேலைக்காரர்கள்.

ஆர்க்கிடெக்டின் கம்ப்யூட்டரில் உண்மையில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன என்பது இங்கேதான் வெட்டவெளிச்சமானது.

ரெண்டரிங்குக்கு இது கொண்டாட்டம். பல்கேரியாவின் சோஃபியா நகரிலிருந்து 2002ல் வந்த வி-ரே மென்பொருளில் படம் உருவாவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஓடும், ஒரு கோருக்கு ஒரு சதுரம். நான்கு கோர் என்றால் நான்கு, பதினாறு என்றால் பதினாறு. விட்டட் காலத்துக் குணம்தான் இது, ஒரு புள்ளி இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை.

மாடல் செய்யும் வேலை அப்படியல்ல. 2000ல் வெளிவந்து, 2002ல் ஆட்டோடெஸ்க் 13.3 கோடி டாலருக்கு வாங்கிய ரெவிட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சுவரை நகர்த்தினால் அதோடு ஒட்டிய கதவு நகரும், அறையின் பரப்பளவு மாறும், பிறகு அட்டவணை மாறும். முந்தையது முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. இதை ஆயிரம் கோருக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. ஜீன் ஆம்டால் 1967லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பாதி பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை பிராசசர் சேர்த்தாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

இதற்கு விலையோடு ஓர் உதாரணம். 2020 பிப்ரவரியில் ஏஎம்டி 64 கோர் கொண்ட திரெட்ரிப்பர் 3990எக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 3990 டாலர், அதிகபட்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். அதற்கு முந்தைய வருடம் அதே கம்பெனி விற்ற 8 கோர் ரைசன் 7 3700எக்ஸின் விலை 329 டாலர், அதிகபட்ச வேகம் 4.4. வி-ரேயில் படம் ரெண்டர் செய்பவருக்கு முதலாவது ஒரு பொக்கிஷம். நாள் முழுக்க ரெவிட்டில் சுவர் நகர்த்துபவருக்கோ, பன்னிரண்டு மடங்கு பணம் கொடுத்தும் ஒரு நொடிகூட மிச்சமாகாது! ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் வரைந்து ஒருவர் ரெண்டர் செய்கிறார் என்றால், பதினோரு பெட்டியையும் ஒரே மாதிரி வாங்குவதில் எவ்வளவு பணம் முடங்கும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே மெமரி அடைப்பும் ஒன்று வந்து போனது. 32 பிட் விண்டோஸில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் கிடைக்காது. கம்ப்யூட்டரில் 8 ஜிபி போட்டும் மாடல் பெரிதானதும் மென்பொருள் செத்து விழும். 3டிஎஸ் மேக்ஸ் 2006லும் ஆட்டோகேட் அடுத்த வருடமும் 64 பிட்டுக்கு மாறின. அதற்குப் பிறகுதான் வாங்கிப் போட்ட ராமுக்குப் பலன் கிடைத்தது.

கார்டுக்குள் நுழைந்த ரெண்டரிங்

2007ல் என்விடியா கூடா என்ற வசதியை வெளியிட்டது. திரையில் படம் காட்டும் கார்டையே கணக்குப் போடவும் வைக்கலாம் என்றானது. ஆயிரக்கணக்கான சின்னக் கணக்கு அலகுகள், ஒவ்வொரு புள்ளியையும் தனியாகக் கணக்கிடும் ரெண்டரிங் வேலை... பொருத்தம் சொல்லவே வேண்டாம். 2009ல் வி-ரே ஆர்டி, 2010ல் லூமியான், பிறகு என்ஸ்கேப் என்று வரிசையாக வந்தன. 2018ல் வந்த ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் கதிர்க் கணக்குக்கென்றே தனிப் பகுதி வைக்கப்பட்டது. வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சுவரின் நிறத்தை மாற்றிக் காட்ட முடிந்தது.

கார்டு முக்கியமானதும் கார்டின் விலை அலுவலகத்தின் கையை விட்டுப் போனது. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது அறிவித்த விலை 699 டாலர். ஆனால் கடையில் கிடைக்கவில்லை. எதீரியம் நாணயம் தோண்டுபவர்கள் அள்ளிக்கொண்டு போக, 2021ல் மறுவிற்பனைச் சந்தையில் அதன் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. 2022 செப்டம்பரில் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்ட பிறகு பழைய கார்டுகள் சந்தையில் வந்து விழுந்தன.

இங்கேயும் புதிய அடைப்பு ஒன்று காத்திருந்தது. கார்டின் மெமரி தனி, அதை அதிகமாக்க வழியில்லை. மரம், கல், துணி என்று மாடலில் ஒட்டும் படங்கள் அங்கே இடம் பிடிக்கும். 4096க்கு 4096 புள்ளி உள்ள ஒரு படம் சுருக்காமல் 64 எம்பி. நூறு படம் என்றால் 6 ஜிபிக்கு மேல். 699 டாலர் 3080ல் இருந்தது 10 ஜிபி. அதற்குச் சில மாதம் கழித்து 329 டாலருக்கு அறிவிக்கப்பட்ட 3060ல் 12 ஜிபி! வேகமான கார்டில் நுழையாத மாடல், பாதி விலைக் கார்டில் மெதுவாகவேனும் முடிந்தது. இரண்டிலும் நுழையாத பெரிய மாடல் வந்தால், அலுவலகத்தில் மூலையில் கிடந்த, ராம் நிறைய உள்ள பழைய பெட்டியில் பிராசசர் ரெண்டரிங்கைத் தட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் படம் தயாராக இருந்தது.