பதினேழு பேரும் ஐந்து இலட்சம் பேரும்

1963-ஆம் ஆண்டில் இலங்கைத் தீவு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர் மட்டுமே. அவர்களுள் 11 பேர் அந்நோயை வெளிநாட்டில் பெற்று வந்தவர்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1969-இல், அதே தீவில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் குளிர்க்காய்ச்சலால் நடுங்கிக் கிடந்தனர்.

அத்தீவு இக்காய்ச்சலை அறியாததன்று. 1934-இல் மழை பொய்த்தது. மழை பெய்தால் கொசு பெருகும் என்பது நம் எண்ணம். அங்கோ, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியபோதுதான் நோய் பரப்பும் நுளம்பு பெருகிற்று. (கொசுவை ஈழத்தார் நுளம்பு என்பர்.) அடிக்கடி காய்ச்சல் கண்டு பழகிய வறண்ட பகுதியினரைவிட, பழகாத கேகாலைப் பகுதி மக்களே கூடுதலாக மடிந்தனர். 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன.

நாற்பதுகளில் டி.டி.டி. மருந்தை வீடுதோறும் தெளிக்கத் தொடங்கினர். நோய் சரசரவென இறங்கிற்று. 1963-இன் அந்தச் சிறிய எண்ணிக்கையைக் கண்டதும், இனி எதற்குச் செலவு என்ற எண்ணம் எழுந்தது. 1964-இல் தெளிப்பு நின்றது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் தடுத்ததே காரணம் எனச் சிலர் இன்றும் எழுதுகின்றனர். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது 1972-இல்தான். ஆகவே அக்கூற்று பொருந்தாது.

உண்மையில், நோய் அகன்றதேயன்றி நுளம்பு அகலவில்லை. குருதியில் கிருமியோடு ஒருவர் வந்து சேர்ந்தாலே அதற்குப் போதும். அதிலும் விவாக்ஸ் என்னும் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும். நலமாக வீடு திரும்பியவர், போய் வந்த ஊரையே மறந்த பிறகு காய்ச்சலில் விழுவார். 1967-ஐ ஒட்டி மழை மீண்டும் பொய்த்தது. எலகெர மாணிக்கக் குழிகளில் பிழைக்கச் சென்றவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபோது, காய்ச்சலும் உடன் சென்றது.

இரண்டாம் முறை அத்தீவு பாடம் கற்றிருந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016-இல் உலக நலவாழ்வு நிறுவனம் மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. இம்முறை காவலைக் கைவிடவில்லை. புத்தகயா சென்று வரும் யாத்திரிகர், ஆப்பிரிக்காவுக்குப் போய் வரும் மாணிக்க வணிகர், தமிழக முகாம்களிலிருந்து தாயகம் திரும்பும் நம் அகதிச் சகோதரர் ஆகியோர் மீது மருத்துவத் துறையின் கண் இருந்தது. பல்லாண்டு கழித்துப் பிறந்த மண்ணை மிதிப்பவனிடம் முதலில் ஒரு துளி குருதி கேட்பது சற்றே நெஞ்சை உறுத்துகிறது. ஆயினும் ஐயுற்று விலக்குவது வேறு, சோதித்து மருந்தளிப்பது வேறு. அங்கே நடந்தது பின்னதே.

நாமோ? நம் பங்கிலிருந்து வடநாட்டுத் திருப்பயணம் புறப்படுவோருக்குச் செபமாலையை மந்திரித்துத் தருகிறேன். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், சென்ற ஊர்களை மருத்துவரிடம் சொல்லுங்கள் என ஒருமுறையேனும் பீடத்திலிருந்து அறிவித்ததில்லை.

2018-இல் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து, மொனராகலைப் பகுதியில் உள்ளூரார் ஒருவருக்கு நோய் தொற்றிற்று. உடனே அப்பகுதி முழுவதும் குருதிச் சோதனை நடந்தது. நுளம்புக்கு மருந்து தெளிக்கப்பட்டது. மூன்றாமவர் எவருக்கும் நோய் பரவவில்லை.