வனிலாச் சாறும் வனிலா மணமும்

நத்தார்க் காலத்திலே கேக் செய்யும் இல்லங்களில், மாவும் சீனியும் வெண்ணெயும் கூடிய பின் சிறு போத்தலொன்றிலிருந்து இரண்டொரு துளி வனிலா சேர்ப்பது வழக்கம். அப்போத்தலின் மேலொட்டிய தாளை வாசித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஒன்றில் ‘வனிலாச் சாறு’ என்றிருக்கும். மற்றொன்றில் ‘வனிலாச் சுவையூட்டி’ என்றிருக்கும். விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இவ்விரு பெயர்களுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

வனிலா, ஓர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. மெக்சிக்கோ நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் வாழ்ந்த தோத்தோனாக் மக்கள் இதன் காய்களைப் பக்குவஞ் செய்யும் முறையைப் பண்டு தொட்டே அறிந்திருந்தனர். 15ஆம் நூற்றாண்டில் அவர்களை வென்ற அஸ்தெக்கர், வனிலாவைத் திறையாகப் பெற்றுத் தம் கொக்கோப் பானத்திற் கலந்து அருந்தினர். 1521இல் அஸ்தெக்கரின் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் அம்மணம் கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. ‘சிறிய உறை’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லே வனிலா என்னும் பெயராயிற்று.

காய் கடல் கடந்தது, கொடியும் கடந்தது. ஆயினும் பிற நாடுகளிலே கொடி பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. அம்மலரில் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடலொன்று திரைபோல் நிற்கின்றது. மெக்சிக்கோவில் அத்தடையைக் கடந்து மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சிகள் ஏனைய நாடுகளில் இல்லை. 1836இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் சார்ல்ஸ் மொரன் என்பார் லியேஜ் நகரிலே கையினால் மகரந்தஞ் சேர்த்துக் காய்க்கச் செய்தார். எனினும் தோட்டக்காரர் கையாளத்தக்க எளிய முறை ஒரு சிறுவனிடமிருந்தே வந்தது.

இந்து சமுத்திரத்திலே, இன்று ரியூனியன் எனப்படும் பிரெஞ்சுத் தீவில், எட்மண்ட் என்னும் அடிமைச் சிறுவன் இருந்தான். தாயை இழந்த அவனைத் தோட்ட உரிமையாளரான பெலியே போமோன் தம்முடன் வைத்துச் செடிகளைப் பற்றிக் கற்பித்தார். 1841இல், ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில், அச்சிறுவன் மெல்லிய குச்சியொன்றினால் அந்த மடலை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் சூல்முடியில் அழுத்தினான். காய் பிடித்தது! அம்முறை தீவெங்கும் பரவிப் பெருஞ் செல்வத்தை ஈட்டியது. அச்செல்வத்தில் அவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது அல்பியஸ் என்ற குடும்பப் பெயரைப் பெற்றான். தாவர அறிஞர் ஒருவர் இம்முறையைத் தாமே கண்டதாக உரிமை கோரியபோது, முன்னாள் எசமானரான பெலியே போமோனே அதனை மறுத்து எட்மண்டுக்காக எழுதினார். ஆயினும் 1880இல் எட்மண்ட் வறுமையிலேயே இறந்தார்.

கைவினை இத்துடன் முடிவதில்லை. ஒவ்வொரு மலரும் ஒரு பகற்பொழுதே விரிந்திருக்கும். காய் முற்ற ஒன்பது மாதம் வரை செல்லும். பச்சைக் காயிலே மணம் இல்லை. அதனை வெந்நீரில் அமிழ்த்தி, வெயிலிற் காய்ச்சி, போர்வையிற் பொதிந்து வியர்க்கச் செய்து, மாதக் கணக்கிற் பதப்படுத்திய பின்னரே கருமையும் நறுமணமும் தோன்றும். இவ்வாறு பெற்ற காயை மதுசாரமும் நீரும் கலந்த திரவத்தில் ஊறவைத்து இறக்குவதே வனிலாச் சாறு. ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் அதில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாத மதுசாரமும், ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 100 கிராம் காயின் சத்தும் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது.

இனி, மற்றப் போத்தலின் கதை. 1858இல் பிரெஞ்சு இரசாயனரான கொப்லே வனிலாக் காயிலிருந்து வனிலின் என்னும் பொருளைத் தூய நிலையிற் பிரித்தார். 1874இல் ஜேர்மனியரான டீமான், ஹார்மான் ஆகிய இருவரும் ஊசியிலை மரச் சாற்றில் உள்ள ஒரு பொருளிலிருந்து அதே வனிலினை ஆக்கினர். பின்னர்க் கராம்பு எண்ணெயிலிருந்தும், கடதாசி ஆலைகளின் கழிவிலிருந்தும், பெற்றோலிய வழிப் பொருள்களிலிருந்தும் அது உருவாயிற்று. இன்று உலகிற் பயன்படும் வனிலினின் மிகப் பெரும் பங்கு இவ்வாறு ஆலையிற் பிறப்பதே. மலிவான சுவையூட்டிகளில் இருப்பதும் இதுவே.

அவ்வாறாயின் ஒன்று மெய், மற்றொன்று நஞ்சோ? அன்று. காயில் உள்ள வனிலினும் ஆலையில் ஆன வனிலினும் இரசாயன அமைப்பில் ஒன்றே. ஆனாற் காயின் சாற்றில் வனிலினுடன் வேறு நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் சிறு சிறு அளவிற் கலந்துள்ளன. சுவையூட்டியில் ஒரே சுரம் ஒலிக்கின்றது; சாற்றிலோ பல சுரங்கள் இழைகின்றன. சூட்டடுப்பில் வேகும் கேக்கில் அந்நுண்மணங்கள் பெரிதும் ஆவியாகிவிடுவதால் வேறுபாட்டை உணர்வது கடினம். ஐஸ்கிறீமிலும் கஸ்டட்டிலும் அது தெளிவாகப் புலப்படும்.

குற்றம் மலிவிலே இல்லை. பெயரைத் திரிப்பதிலேயே உள்ளது. ஒரு காலத்தில் தொங்கா விதையின் கூமரின் என்னும் பொருளை வனிலாச் சாற்றிற் கலந்து விற்றனர். 1954இல் அமெரிக்கா உணவிற் கூமரினைத் தடைசெய்தது. இன்று காபன் அணுக்களின் வகைகளை அளந்து, வனிலின் கொடியிலே பிறந்ததா ஆலையிலே பிறந்ததா என அறிய இயலும்.

மடகாஸ்கரிலும் பிற நாடுகளிலும் இன்றும் வனிலா மலர்கள் ஒவ்வொன்றாகக் கையினாலேயே சூல்கொள்ளச் செய்யப்படுகின்றன. முறையும் எட்மண்ட் காட்டிய முறையே. சிக்கனம் வேண்டுவோர் சுவையூட்டியை வாங்குவதில் இழுக்கில்லை. சாறென்று விலை கொடுப்போருக்குச் சாறே கிடைத்தல் வேண்டும். அவ்விலையில் ஒரு பங்கு, விடியற்காலையில் தோட்டத்துக்குச் சென்று மலர் தோறும் மடல் உயர்த்தும் கைகளுக்குரிய கூலியாகும்.