ஒலியால் இரத்தத்தை நிறுத்த முடியுமா? மணலில் தொடங்கிய ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. கர்ப்பிணித் தாய்மார் இருக்கும் வீட்டாரும், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பது எமது விருப்பம்.

நம்மிடையே இரண்டு கதைகள் உலாவுகின்றன. ஒன்று, "ஸ்கேன் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது." மற்றது, "அது வெறும் சத்தம்தானே, ஒன்றும் செய்யாது." இரண்டுமே முழு உண்மையல்ல. ஒலி பொருட்களைத் தள்ளும், ஓரிடத்தில் பிடித்தும் வைக்கும். ஓடுகின்ற இரத்தத்தைக்கூட நிறுத்தியிருக்கிறது. அப்படியிருந்தும் வைத்தியர் கேட்கும் ஸ்கேனுக்கு நாம் ஏன் பயப்படத் தேவையில்லை என்பதை விளங்கிக்கொள்ள, 200 வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

1787ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ட் கிளாட்னி என்பவர் ஒரு நூலை வெளியிட்டார். உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் உரசினார். மணல் துள்ளித் துள்ளிப் போய் அழகான கோடுகளாக நின்றது. தகடு அதிராத இடங்கள் அவை. நம் பாடப்புத்தகம் கணு என்று சொல்வது இதைத்தான். கூடுதலாக அதிரும் இடம் முரண்கணு. இந்தக் காட்சி நெப்போலியனையும் கவர்ந்தது. கிளாட்னிக்கு அவர் 6000 பிராங்க் கொடுத்தார். தகடு ஏன் இப்படி அதிர்கிறது என்பதைக் கணிதத்தால் விளக்குவோருக்குப் பாரிஸில் ஒரு பரிசும் அறிவிக்கப்பட்டது. மூன்று தடவை முயன்று 1816இல் அதை வென்றவர் சோஃபி ஜேர்மெய்ன் என்ற பெண்மணி. பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் எதற்கு என்று கேட்போர் இந்த இடத்தில் சற்று நின்று வாசிக்கலாம்.

கிளாட்னியின் தகட்டில் ஒரு புதிர் மிச்சமிருந்தது. மணல் கணுவுக்குப் போகிறது, ஆனால் மிக மெல்லிய தூள் அதற்கு எதிராக முரண்கணுவில் போய்க் குவிகிறது. 1831இல் மைக்கல் பரடே இதற்கு விடை கண்டார். அதிரும் தகட்டின் மேல் காற்றில் சின்னச் சின்னச் சுழல்கள் உண்டாகின்றன. பாரமான மணலை அவை அசைக்காது, மெல்லிய தூளை அள்ளிக்கொண்டு போகும். காற்றை அகற்றிவிட்டுப் பார்த்தபோது அந்தத் தூளும் மணலைப் போலவே கணுவுக்குப் போனது. 1866இல் ஓகஸ்ட் குண்ட் கண்ணாடிக் குழாய்க்குள் தூளை வைத்து ஒலியின் அலைநீளத்தையே அளந்தார். 1884இல் ரேலி பிரபு அந்தச் சுழல்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆக, ஒலி இரண்டு வேலைகள் செய்கிறது. துகளை நேரடியாகத் தள்ளுகிறது. துகளைச் சுற்றியுள்ள காற்றையோ நீரையோ சுழலவும் வைக்கிறது. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த கட்டம் இரக்கமில்லாதது. ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் பிறப்பதைக் கண்டிருந்தார்கள். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக, அதே குவாட்ஸ் பளிங்கை மின்சாரத்தால் அதிரவைத்து நீருக்குள் கழியொலியை அனுப்பினார் போல் லான்ஜவென். அலையின் குறுக்கே வந்த சிறு மீன்கள் செத்துப்போயின. நீருக்குள் கை வைத்தவர்களுக்கு வலி எடுத்தது. இதை நேரில் பார்த்த அமெரிக்கர் றொபர்ட் வுட், அல்பிரட் லூமிஸ் என்ற செல்வந்தரின் சொந்த ஆய்வுகூடத்தில் அவரோடு சேர்ந்து சோதனைகள் செய்தார். 1927இல் இருவரும் முடிவுகளை வெளியிட்டார்கள். பலமான கழியொலி மீன்களையும் தவளைகளையும் கொன்றது, செங்குழியங்களை உடைத்தது. உயிருள்ள கலத்துக்கும் கழியொலிக்கும் இடையிலான அறிமுகம் இப்படித்தான் நடந்தது.

பின்பு கணக்கு வந்தது. ஒலி ஒரு சிறு உருண்டையை எவ்வளவு விசையோடு தள்ளும் என்று 1934இல் கனடாவின் லூயி கிங் கணித்தார். 1955இல் ஜப்பானின் யோசியோக்காவும் கவசிமாவும், 1962இல் சோவியத் நாட்டின் கோர்க்கோவும் அதை விரித்தார்கள். சாரம் இவ்வளவுதான்: துகள் தன்னைச் சூழ்ந்த திரவத்தைவிட அடர்த்தி கூடியதாகவும் அமுங்குவது குறைந்ததாகவும் இருந்தால் அமுக்கக் கணுவுக்குப் போகும். அடர்த்தி குறைந்து, கூடுதலாக அமுங்கக்கூடியதாக இருந்தால் அமுக்க முரண்கணுவுக்குப் போகும்.

இனி நமது கேள்விக்கு வருவோம். 1971இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் மேரி டைசனும் அவரது சகாக்களும் கோழி முளையங்களின் இரத்தக் குழாய்களில் கழியொலியைச் செலுத்தினார்கள். அலை தெறித்துத் திரும்பி நின்ற அலையானபோது, ஓடிக்கொண்டிருந்த செங்குழியங்கள் அரை அலைநீளத்துக்கு ஒரு பட்டியாக வரிசை கட்டி நின்றுவிட்டன. கிளாட்னியின் மணல் நின்றதைப் போலவே இரத்தம் நின்றது! அலையை நிறுத்தியதும் இரத்தம் மறுபடி ஓடத் தொடங்கியது.

இதிலிருந்து கிடைத்த பாடம் இன்றும் நமக்குப் பயன்படுகிறது. முழங்கால் வலிக்கு இயன்மருத்துவரிடம் கழியொலி வைத்தியம் செய்தவர்கள் கவனித்திருப்பீர்கள், அவர் அந்தத் தலைப்பகுதியை ஓரிடத்தில் வைக்காமல் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒரே இடம் சூடாகாமலும், நின்ற அலை ஓரிடத்தில் நிலைக்காமலும் இருக்கத்தான் அது. குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனோ வேறு வகை. அது தொடர்ந்து ஒலிப்பதில்லை. மிகக் குறுகிய துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, எதிரொலிக்காகக் காத்திருக்கும். அதன் நேரத்தில் பெரும்பகுதி கேட்பதிலேயே போகிறது. நின்ற அலை உருவாக அங்கே இடமில்லை. சூட்டையும் அதிர்வுத் தாக்கத்தையும் காட்டும் இரண்டு எண்கள் திரையின் ஓரத்தில் தெரியும். தேவைக்கு மட்டும், தேவையான நேரம் மட்டும் என்பதே உலகெங்கும் வைத்தியத்துறையின் விதி.

இரத்தத்தை நிறுத்திய அதே விசையை நோயாளிக்கு உதவ வைத்தவர்கள் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார். 1953இல் இங்கே எட்லரும் ஹெல்முத் ஹேர்ட்ஸும் கப்பல் கட்டும் தளத்தில் உலோக வெடிப்புத் தேடும் கருவியை இரவல் வாங்கி இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்த இடமும் அதுதான். 2000களின் தொடக்கத்தில் அங்கே பேராசிரியர் தோமஸ் லோரெல்லும் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த மாணவர்களும் ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். திறந்த இதயச் சத்திர சிகிச்சையில் சிந்தும் இரத்தத்தை நோயாளிக்கே திருப்பிக் கொடுப்பது நல்லது. ஆனால் அதில் கொழுப்புத் துளிகள் கலந்திருக்கும். அவை மூளையின் நுண்குழாய்களை அடைத்துவிடலாம்.

உயர்தரப் பிள்ளைகளே, கணக்கைப் பாருங்கள். நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர். மீடிறன் 2 மெகாஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 0.75 மில்லிமீற்றர், அதில் பாதி 0.375. ஏறக்குறைய அந்த அகலத்துக்கு ஒரு வாய்க்காலைச் சிலிக்கனில் செதுக்கினால் நடுவில் அமுக்கக் கணுவும் இரு சுவர்களில் அமுக்க முரண்கணுவும் வரும். செங்குழியம் நடுவுக்கு வரும், கொழுப்பு ஓரத்துக்கு ஒதுங்கும். வாய்க்கால் முடிவில் மூன்றாகப் பிரிந்தால் வேலை முடிந்தது. வடிகட்டித் துணியும் இல்லை, மருந்தும் இல்லை. பின்னாளில் இரத்தத்தில் கலந்த புற்றுநோய்க் கலங்களைப் பிரிக்கவும் அங்கே இதே வழியில் ஆய்வுகள் நடந்தன.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தள்ளும் விசை துகளின் கனவளவைப் பொறுத்தது. ஆரை பாதியானால் விசை எட்டில் ஒன்றாகிவிடும். பக்டீரியா போன்ற, 2 மைக்ரோமீற்றருக்கும் சிறிய பொருட்களை வாய்க்காலுக்குள் உண்டாகும் சுழல்கள் இழுத்துக்கொண்டு போய்விடும். 1831இல் பரடே கண்ட மெல்லிய தூளின் கதைதான் இது. ஆய்வு மாணவர்கள் வருடக்கணக்கில் போராடியது அந்தச் சுழலோடுதான்.

கிளாட்னி மணலைத் தூவியபோது எவருக்கும் அதனால் ஒரு பயனும் தெரிந்திருக்காது. மீன்களைக் கொன்ற அலையை இரத்தத்தைச் சுத்தமாக்கும் அலையாக மாற்றியது, அளவு தெரிந்துகொண்டதுதான். அளவு மீறாமை நமக்குப் புதிய பாடம் அல்லவே.

எனவே வைத்தியர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தயங்காமல் அழைத்துப் போங்கள். கதை கேட்டுத் திகதியைத் தவற விட வேண்டாம். ஆணா பெண்ணா என்ற ஆசைக்காகவும் படம் பிடித்து வைப்பதற்காகவும் மட்டும் மீண்டும் மீண்டும் எடுக்கவும் வேண்டாம். சந்தேகமிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளைகள் நின்ற அலைப் பாடத்தைப் பரீட்சையோடு மறந்துவிடாதீர்கள். இந்தத் துறையில் கலாநிதிப் பட்டம் பெறும் ஒருவர் நம் ஊரிலிருந்தும் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.