விற்ற சாலும் விற்காத கோலியும்

கிர்காவில் நாங்கள் குடியிருக்கும் சால் கைமாறிவிட்டது. நான்கு மாடி, 32 கோலிகள். கொங்கணத்து மராட்டியர், கச்சி வியாபாரிகள், கோவாக்காரர், உடுப்பிக்காரர் நடுவே தமிழ் நயினார் குடும்பம் ஒன்று, அது என்னுடையது. பழைய வீட்டுக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் காலை புதியவரின் ஆள் வந்து, "இனிமே வாடகை எங்ககிட்ட கொடுங்க" என்றார். கையில் ஒரு சம்மதப் பத்திரமும் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் கேலரியில் பக்கத்துக் கோலி ஆஜி கேட்டார்: "அண்ணா, நம்மையும் சேர்த்தா வித்துட்டாங்க?" அவருக்கு எண்பது வயசுக்கு மேல். ஆனாலும் பம்பாயில் தெற்கத்திக்காரன் எல்லாருக்கும் அண்ணாதானே! அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல, பாத்திர வியாபாரி. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சால் பிறந்த கதை

1850களில் பம்பாயில் பஞ்சாலை வந்தது. வேலை தேடி வந்தவர்களுக்குத் தலை சாய்க்க இடமில்லை. பணமுள்ள வியாபாரிகள் ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். முன்னால் பொது கேலரி, அறை மூலையில் மோரி, கோடியில் பொதுக் கக்கூஸ். 1896இல் பிளேக் வந்தபோது இந்த நெரிசலே எமனாயிற்று. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. 1920களில் சர்க்காரே பி.டி.டி. சால்கள் என 207 கட்டடம் எழுப்பிற்று. அதில் ஒரு கோலி 160 சதுர அடி!

எங்கள் கிர்காவிலேயே கேசவ்ஜி நாயக் சால் இருக்கிறது. பெயருக்குரியவர் கச்சி சமண வியாபாரி. 1893இல் அங்கே பொது கணபதி விழா தொடங்கியவர்கள் மராட்டியக் குடித்தனக்காரர்கள். சுவர் ஒருவருடையது, அதனுள் நடக்கும் வாழ்க்கை வேறொருவருடையது. சாலின் சரித்திரமே இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

வாடகை உறைந்தது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாடகை ஏறாமல் கட்டுப்படுத்தினார்கள். பிறகு வந்த 1947ஆம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் தேதி இருந்த வாடகையையே அளவுகோலாக வைத்தது. விலைவாசி ஏறிற்று, வாடகை ஏறவில்லை. வீட்டுக்காரர்கள் ரிப்பேரைக் கைவிட்டார்கள். மழைக்காலத்தில் கட்டடங்கள் விழுந்தன. 1969இல் ரிப்பேருக்கென்று செஸ் வரி போட்டு, தனி வாரியம் அமைத்தார்கள்.

இன்னொரு பக்கம் பகடி வளர்ந்தது. கோலிக்குள் வர ஒரு பெருந்தொகை, அப்புறம் சொற்ப வாடகை. சட்டப்படி அந்தத் தொகையை வாங்குவது குற்றம். அதனால் ரசீது கிடையாது. என் தகப்பனார் 1958இல் கொடுத்த பணத்துக்கு இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வாடகை ரசீது மட்டும்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. சில பத்து ரூபாய் வாடகையில் யார் கூரையை மாற்ற முடியும்? உறைந்த வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றமே 1997 டிசம்பரில் சொல்லிற்று. பிறகு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 வந்து, 2000 மார்ச் 31 முதல் அமலாயிற்று. வருஷத்துக்கு 4 சதவீதம் உயர்வு அனுமதித்தது. பகடி வாங்குவதும் குற்றம் இல்லை என்றாயிற்று.

விற்றது எது?

சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளைப் பார்த்தால், மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பம்பாய்ப் பத்திரம் அப்படியல்ல. வாங்குகிறவருக்குச் சுவரும் மனையும் வாடகை வாங்கும் உரிமையும் வரும். குடியிருப்பவர் உரிமை அந்த விலையில் அடங்காது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, பழையவர் இருந்த இடத்தில் புதியவர் வந்து உட்காருகிறார், அவ்வளவுதான். சொந்தக்காரர் மாறினார் என்பதற்காக மட்டும் குடித்தனக்காரர் வெளியேற வேண்டியதில்லை.

பின் எதற்கு இந்தக் கட்டடத்தை வாங்கினார்? வாடகைக்காக இல்லை, இடித்துக் கட்டத்தான். 1991ஆம் வருஷத்து நகர வளர்ச்சி விதிகளின் 33(7) பிரிவு, செஸ் கட்டடத்தை இடித்துக் கட்டுகிறவருக்குக் கூடுதல் கட்டுமான அளவு தந்தது. பழைய குடித்தனக்காரருக்குப் புதிய வீடு கொடுக்க வேண்டும், மிச்சத்தை விற்றுக்கொள்ளலாம். முதலில் 70 சதவீதக் குடித்தனக்காரர் சம்மதம் கேட்டார்கள். 2018இல் வந்த விதிகள் அதை 51 ஆக்கின. ஆக, எங்கள் 32 கோலியில் 17 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த ஆள் கையில் பத்திரத்தோடு வந்த காரணம் இப்போது விளங்கும்.

ஆஜிக்குச் சொன்ன பதில்

"விற்கல ஆஜி, நம்மை யாரும் விற்க முடியாது. ஆனா ரசீது எங்கே?" என்றேன். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். ரசீது எல்லாம் காலமான கணவர் பெயரில். கூடவே குடியிருந்தும் தம் பெயருக்கு மாற்றவே இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வருஷவாரியாக அடுக்கினோம். பெயர் மாற்றக் கோரிப் புதியவருக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புது வீடு வேண்டாம் என்பதல்ல, ஒழுகும் கூரைக்குக் கீழே எத்தனை காலம்? எத்தனை சதுர அடி, எத்தனை வருஷம், அதுவரை இருக்க எங்கே இடம் என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். வந்தால் 32 பேரும் கூடிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

நம் சங்கத்து அன்பர்களிலும் பகடிக் கோலியில் இருப்பவர் பலர் உண்டு. இந்த மலரை மூடியதும் ரசீதுப் பெட்டியைத் திறந்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.